ஜெட் போட் இழுக்குதில்லையா? எஞ்சினில் ஸ்பனர் வைக்க முதல் இதைப் பாருங்கள்

சித்திரை மாதம் பாசிக்குடாவில் கடல் அடங்கி ஆட்கள் வரத் தொடங்கினால் எனக்குப் போன் வரத் தொடங்கும். எல்லாரும் சொல்வது ஒரே வசனம்தான்: “அண்ணன், போட் இழுக்குதில்ல.” நான் திருப்பிக் கேட்பதும் ஒரே கேள்விதான்: “முள்ளு எதில நிக்குது?” அதோடு அந்தப் பக்கம் சத்தம் இல்லை. பிளக்கைக் கழற்றியிருப்பார்கள், காற்றுக் குழாயைக் கழற்றியிருப்பார்கள், ஒருவர் சூப்பர்சார்ஜரையே மேசையில் வைத்துக்கொண்டு கதைத்தார், ஆனால் எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை தரம் சுற்றுகிறது என்று காட்டும் ஆர்பிஎம் மீற்றரை மட்டும் ஒருத்தரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

இதை எழுதுவது புதிதாக ஒரு பழைய ஜெட் ஸ்கீயோ சின்ன ஜெட் போட்டோ வாங்கியவர்களுக்கும், கடற்கரையில் போட் ஓட்டும் வேலைக்குச் சேர்ந்து எஞ்சின் பக்கமும் கையை வைக்கத் தொடங்கியிருக்கும் தம்பிமாருக்கும். வள்ளத்தில் 25, 40 குதிரைவலு அவுட்போர்ட் எஞ்சின் திருத்திப் பழகிய கை என்றால் நல்லது, ஆனால் அந்தப் பழக்கம் இங்கே பாதி தூரம்தான் வரும். அவுட்போர்ட்டில் காத்தாடி வெளியில் தெரியும், கண்ணால் பார்த்துவிடலாம். ஜெட்டில் அது போட்டின் வயிற்றுக்குள் ஒளிந்திருக்கிறது. அதோடு சூப்பர்சார்ஜர் என்ற இன்னொரு ஆளும் உள்ளே இருக்கிறார். எஞ்சின் தானாக உறிஞ்சக்கூடிய காற்றைவிடக் கூடுதலான காற்றை அமுக்கித் திணிப்பது அவர் வேலை. சீ-டூ என்ற ஜெட் ஸ்கீ வகையில் வரும் 1,494 சிசி மூன்று சிலிண்டர் ரொட்டாக்ஸ் எஞ்சின்தான் நம் பக்கம் நான் கூடுதலாகத் திறந்தது, ஆகவே உதாரணங்கள் பெரும்பாலும் அதிலிருந்தே வரும். யமஹாவின் 1.8 லீற்றர், கவாசாகியின் 1.5 லீற்றர் எஞ்சின்களுக்கும் தேடும் ஒழுங்கு இதேதான்.

தொடங்க முதல் இரண்டு விசயம். பம்புக்குக் கீழே கை வைப்பதென்றால் பாதுகாப்புக் கயிற்றுச் சாவியைக் கழற்றி உங்கள் பொக்கற்றுக்குள் போடுங்கள். “அவன் அமத்த மாட்டான்” என்ற நம்பிக்கையில் கை வைக்காதீர்கள். அடுத்தது, சீற்றைத் திறந்து வைத்து பெற்றோல் வாடை போன பிறகு ஸ்டார்ட் பண்ணுங்கள். மூடிய போட்டுக்குள் பெற்றோல் ஆவி தேங்கி நின்றால் ஒரு பொறி போதும்.

சாவியின் நிறம்

சிரிக்காதீர்கள், நான் இதில் ஒரு முழுக் காலையைத் தொலைத்திருக்கிறேன். ஒரு ஹோட்டல் போட். நேற்று வரை பறந்தது, இன்று மாட்டுவண்டி மாதிரிப் போகிறது என்றார்கள். பிளக் மாற்றினேன், எயார் குழாய் எல்லாம் தடவிப் பார்த்தேன், பெற்றோலை மாற்றினேன். மத்தியானம் சோற்றுப் பார்சலைப் பிரிக்கும்போது அங்கே வேலை செய்யும் பொடியன் வந்து, “அண்ணன், அந்தச் சாவி முந்தியது இல்ல, இது பச்சை” என்றான். சீ-டூவில் பழகுநருக்கென்று ஒரு சாவி வரும், அதைப் போட்டால் எஞ்சின் வேகத்தைத் தானாகக் கட்டுப்படுத்தும். வாடகைக்கு விடும் இடங்களில் வேண்டுமென்றே அதைத்தான் கொடுப்பார்கள். நல்ல சாவியைப் போட்டதும் போட் பறந்தது, எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. யமஹாவில் இதே வேலையை ரிமோட்டில் உள்ள ஒரு அமத்தல் செய்யும், திரையில் “எல்” என்று காட்டும். சில மாடல்களில் எரிபொருள் சேமிக்கும் ஈகோ மோட் வேறு இருக்கிறது. முதலில் இந்த மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

அப்படியே பின்பக்க வடிகால் மூடியையும் கழற்றி போட்டுக்குள் தண்ணீர் நிற்கிறதா பாருங்கள். மூடியை இறுக்க மறந்து கடலில் இறக்கினால் வயிற்றுக்குள் நூறு லீற்றர் தண்ணீரைச் சுமந்துகொண்டு எந்த எஞ்சினும் இழுக்காது. வாவியில் கிழமைக்கணக்கில் கட்டிக்கிடந்த போட் என்றால் அடியைத் தடவிப் பாருங்கள். பாசியும் சிப்பியும் பிடித்த அடி அரத்தைப் போலிருக்கும், அதுவும் வேகத்தைத் தின்னும்.

முள்ளு சொல்லும் கதை

இனித்தான் விசயம். ஆழமான, அலை குறைந்த இடத்துக்குப் போய், ஓட்டுபவர் ஒருவர் மட்டும் இருந்து, திறொட்டிலை முழுதாகப் பிடித்து ஆர்பிஎம்மையும் வேகத்தையும் சேர்த்துப் பாருங்கள். பத்து விநாடி போதும். போனில் படம் எடுத்து வைத்தால் இன்னும் நல்லது, கரைக்கு வந்த பிறகு “ஆறாயிரமா ஏழாயிரமா” என்று சண்டை வராது. நான் சொல்லும் ரொட்டாக்ஸ் சூப்பர்சார்ஜர் எஞ்சின் நல்ல நிலையில் 8,000 ஆர்பிஎம்மை ஒட்டிப் போகும். உங்கள் மாடலுக்கு எவ்வளவு என்று கைநூலில் இருக்கும், அதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

ஆர்பிஎம் வழக்கமான உச்சத்துக்கோ அதற்கும் மேலோ ஏறுகிறது, சத்தம் கீச்சென்று போகிறது, ஆனால் போட் நகர மறுக்கிறது என்றால் எஞ்சினில் பிழையில்லை. சக்தி வருகிறது, தண்ணீரைத் தள்ளுகிற இடத்தில் அது வீணாகிறது. பம்பைப் பாருங்கள்.

ஆர்பிஎம்மும் ஏறவில்லை, வேகமும் இல்லை, ஒரு குறிப்பிட்ட எண்ணில் சுவரில் முட்டியது போல் நிற்கிறது, கூடவே பீப் சத்தம் கேட்கிறது என்றால் கம்ப்யூட்டர் எஞ்சினைப் பிடித்து வைத்திருக்கிறது. காரணம் தெரிந்துதான் பிடித்திருக்கும்.

தொடக்கத்தில் நன்றாகக் கிளம்புகிறது, மேலே போகப் போகச் சோர்ந்து 7,200 அல்லது 7,300இல் படுத்துவிடுகிறது, பீப் ஒன்றும் இல்லை என்றால் பெற்றோல், பிளக், காற்று, சூப்பர்சார்ஜர் என்ற வரிசையில் தேட வேண்டும்.

முதல் ஐந்து நிமிடம் புலி, பிறகு பூனை என்றால் சூடு சம்பந்தப்பட்ட ஏதோ ஒன்று.

இந்த நாலில் எது என்று தெரியாமல் ஒரு நட்டையும் தொடாதீர்கள். வாழைச்சேனையில் வள்ள எஞ்சின் திருத்தும் வயதான மாமா ஒருவரிடம்தான் நான் தொழில் பழகினேன், ஜெட் எஞ்சினை அவர் கண்டது கடைசிக் காலத்தில்தான். ஆனாலும் அவர் சொன்னதையே இன்றும் செய்கிறேன்: “முதல்ல கேளு மனே, பிறகு கழட்டு.”

பம்ப் காற்றுக் குடிக்கிறதா

போட்டின் அடியில் ஒரு கம்பிச் சல்லடை, அதன் வழியாக உள்ளே இழுக்கப்படும் தண்ணீர், அதைப் பின்னால் தள்ளும் இம்பெல்லர், இம்பெல்லரைச் சுற்றி ஒரு வளையம், பிறகு குறுகலான வாய். ஜெட் பம்ப் என்பது இவ்வளவுதான். இம்பெல்லர் இதழில் தண்ணீர் நிறைந்து நிற்கும் வரை தள்ளும். இடையில் காற்றுப் புகுந்தால், அல்லது வழியில் ஏதாவது அடைத்து இம்பெல்லருக்குத் தண்ணீர் போதாமல் போனால், அது வெறும் நுரையைச் சுற்றிக்கொண்டிருக்கும். நம் ஆட்கள் “பம்ப் காத்துக் குடிக்குது” என்பது இதைத்தான், எனக்கு அதைவிட நல்ல சொல் கிடைக்கவில்லை.

மட்டக்களப்பு வாவியில் ஓடுபவர்களுக்கு முதல் எதிரி ஆற்றுவாழையும் சொப்பிங் பையும். மாரி மழைக்குப் பிறகு மிதந்து வரும் ஆற்றுவாழைக்குள் ஜெட் போட்டை விட்டால் சல்லடை ஒரு நிமிடத்தில் அடைபடும். இரண்டாவது எதிரி தங்கூசி. கல்லடிப் பாலத்தடியில் ஒரு தடவை ஏற்றிய போட்டில், சல்லடைக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தால் இம்பெல்லரைச் சுழற்றும் ஷாஃப்டில் நீல நிறத்தில் ஒரு வளையல் போட்டது போல இருந்தது. வலைக் கயிறு. சுற்றிச் சுற்றி இறுகி, உராய்வுச் சூட்டில் உருகி, ஒரே பிளாஸ்டிக் கட்டியாகிவிட்டது. கத்தி ஏறவில்லை. வாள் பிளேட்டின் ஒரு துண்டைத் துணியில் சுற்றிப் பிடித்து, ஷாஃப்டில் கீறல் விழாமல் அறுத்து எடுக்க ஒன்றரை மணித்தியாலம் போனது. கயிறு சுற்றினால் அதை எடுத்ததோடு விட்டுவிடாதீர்கள். ஷாஃப்ட் போட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு கார்பன் சீலும் இறப்பர் உறையும் இருக்கிறது. அந்தச் சீல் சரியாக உட்காராவிட்டால் போட்டுக்குள் தண்ணீர் கசியும், ஓடும்போது அதே வழியால் பம்பு காற்றையும் இழுக்கும். கயிறு இல்லை, கிழிசல் இல்லை, ஆனாலும் காற்றுக் குடிக்கிறது என்றால் அந்தச் சீலைச் சந்தேகியுங்கள்.

மூன்றாவது, பாசிக்குடாவுக்கே உரிய வியாதி: மணல். அந்தக் குடாவில் நெடுந்தூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்புக்கு வராது, அதுதான் அதன் பெருமையும். ஆனால் ஜெட் போட்டுக்கு அடியில் குறைந்தது 90 சென்ரிமீற்றர் தண்ணீர் வேண்டும். முழங்கால் தண்ணீரில் ஸ்டார்ட் பண்ணி ஆட்களை ஏற்றிக்கொண்டு பாய்ந்தால், பம்ப் மணலையும் சிப்பித் துண்டையும் சேர்த்து உறிஞ்சி வளையத்தை அரைத்துவிடும். இம்பெல்லர் இதழுக்கும் வளையத்துக்கும் இடையில் உள்ள இடைவெளி அரை மில்லிமீற்றர் வரை போகத் தேவையில்லை, அதற்குக் குறைவாகப் பெருத்தாலே கிளம்பும் நேரத்தில் இழுவை போய்விடும். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை ஒவ்வொரு இதழின் நுனியிலும் விட்டுப் பார்த்து, கைநூலில் உள்ள எல்லையோடு ஒப்பிடுங்கள். சீ-டூவில் இந்த வளையம் பிளாஸ்டிக், தேய்ந்தால் கழற்றி மாற்றுவதற்கென்றே செய்தது. மாற்றிப் போடுங்கள், விரல் பட்டால் தெரியும் அளவுக்கு ஆழமான கீறல் விழுந்த வளையத்தை வைத்துக்கொண்டு எஞ்சினோடு மல்லுக்கட்டாதீர்கள். இதழின் முன் விளிம்பு நெளிந்திருந்தால் இம்பெல்லரையும் கழற்றிச் சரிசெய்ய வேண்டும். சின்ன நெளிவுக்கே போட் நடுங்கும்.

பெற்றோல்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நீட்டித்தான் எழுதப் போகிறேன், ஏனென்றால் இங்கே நடக்கும் பிழை மற்ற எதையும்விடக் கூட.

அமெரிக்காவிலிருந்து வந்த கைநூலில் “91 ஒக்டேன்” என்று இருக்கும். நம் பெற்றோல் செட்டில் 92 இருக்கிறது, 95 இருக்கிறது. 91 கேட்கும் எஞ்சினுக்கு 92 தாராளம்தானே என்று நினைத்து எல்லாரும் 92ஐ ஊற்றுகிறார்கள். அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் எண்ணும் முறை வேறு. இரண்டு விதமான சோதனை எண்களைக் கூட்டி இரண்டால் பிரித்து அவர்கள் எழுதுகிறார்கள், நம் நாட்டில் அந்த இரண்டில் பெரிய எண்ணை மட்டும் எழுதுகிறார்கள். அவர்களுடைய 91 நம் கணக்கில் ஏறத்தாழ 95. நம் 92 அவர்கள் கணக்கில் 87 மாதிரி. சூப்பர்சார்ஜர் திணித்த காற்றோடு அமுங்கும் பெற்றோல் தரம் குறைந்ததாக இருந்தால், பிளக் பொறி விடும் முறைக்குக் காத்திராமல் தானாக வெடிக்கும். எஞ்சினில் உள்ள நொக் சென்சர் அதைக் கேட்டுப் பொறி விடும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளும். எஞ்சின் தப்பும், சக்தி குறையும். தொடர்ந்து அப்படியே ஓட்டினால் ஒருநாள் பிஸ்டன் ஓட்டையாகும். சூப்பர்சார்ஜர் எஞ்சினுக்கு 95தான், பேச்சே இல்லை.

அடுத்தது கலப்படம். இதற்கு ஆரையும் குற்றம் சொல்லத் தேவையில்லை, நம் வீட்டுக் கான்கள்தான் காரணம். வள்ளத்துக்கு மண்ணெண்ணெய் எடுத்த கானிலேயே போட்டுக்குப் பெற்றோல் எடுப்பது நம் கரையோரத்தில் சாதாரணம். 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற காலத்தில் கிடைத்த பாத்திரத்தில் எல்லாம் சேர்த்து வைத்துப் பழகினோம், அந்தப் பழக்கம் சிலருக்கு இன்னும் விடவில்லை. ஒரு துளி பெற்றோலை வெள்ளைக் கடதாசியில் விட்டுக் காயவிடுங்கள். நல்ல பெற்றோல் அடையாளம் இல்லாமல் பறந்துவிடும், மண்ணெண்ணெய் கலந்திருந்தால் எண்ணெய்க் கறை நிற்கும்.

தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு கண்ணாடிப் போத்தல் போதும். தாங்கியின் அடியிலிருந்து கொஞ்சம் உறிஞ்சி எடுத்து, போத்தலில் விட்டு, நிழலில் பத்து நிமிடம் ஆடாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் கீழே இறங்கி, சின்னப் பிள்ளைகள் விளையாடும் போளை போல உருண்டு நிற்கும், போத்தலைச் சரித்தால் அதுவும் உருளும். ஒரு போளை கண்டாலும் தாங்கி முழுவதையும் இறக்குங்கள்.

பெற்றோல் சுத்தம், ஆனால் மேலே போகும்போது மூச்சு வாங்குகிறது என்றால் பெற்றோல் பம்பின் அழுத்தத்தை கேஜ் போட்டுப் பார்க்க வேண்டும். ரொட்டாக்ஸ் எஞ்சினில் அது ஏறத்தாழ 4 பார் இருக்க வேண்டும், முழு திறொட்டிலிலும் விழக்கூடாது. சும்மா நிற்கும்போது சரியாகக் காட்டி ஓடும்போது விழும் பம்பும் உண்டு. ஆகவே கரையில் வைத்துப் பார்த்த அளவை மட்டும் நம்ப வேண்டாம்.

பிளக்

மூன்றையும் கழற்றி, எது எந்தச் சிலிண்டரில் இருந்தது என்று தெரியும்படி வரிசையாக வையுங்கள். மூன்றும் ஒரே நிறமாக, வெளிறிய மண்ணிறமாக இருந்தால் சந்தோசம். ஒன்று மட்டும் ஈரமாகக் கறுத்திருந்தால் அந்தச் சிலிண்டரின் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் கொயிலை அடுத்த சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள், கறுப்பும் கூடவே இடம் மாறினால் கொயில் போய்விட்டது. கொயிலின் கீழ்ப்பகுதியில் உப்பு வெள்ளையாகப் பூத்திருப்பதும் நம் கடலில் சாதாரணம். புதுப் பிளக் போடும்போது கைநூலில் சொன்ன இலக்கத்தையே போடுங்கள், மோட்டார்சைக்கிள் கடைக்காரர் “இதுவும் பொருந்தும்” என்று தருவது பொருந்தத்தான் செய்யும், ஆனால் சூட்டின் அளவு வேறாக இருக்கும்.

கம்ப்யூட்டர் பிடித்து வைத்திருந்தால்

பீப் அடித்துக்கொண்டு குறைந்த ஆர்பிஎம்மில் நிற்கிறதென்றால் எஞ்சின் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. பெரும்பாலும் எஞ்சின் சூடு, எக்ஸோஸ்ற் சூடு, ஒயில் அழுத்தக் குறைவு, அல்லது ஏதோ ஒரு சென்சரின் வயர். பற்றரி இறங்கிக் கிடந்தாலும் இல்லாத குறையெல்லாம் திரையில் காட்டும், ஆகவே முதலில் பற்றரியை நன்றாகச் சார்ஜ் பண்ணுங்கள். பிறகு குறியீட்டை வாசித்து கைநூலில் பாருங்கள். பீப்பைப் பொருட்படுத்தாமல் கரை வரை முடுக்கிக்கொண்டு வருவதுதான் நான் கண்டதில் அதிகம் செலவு வைக்கும் வேலை.

ஒயிலை எப்படிப் பார்ப்பது என்றால், எஞ்சின் சூடாக இருக்கும்போது, போட் மட்டமாக நிற்கும்போது, அரை நிமிடம் ஐட்லிங்கில் ஓடவிட்டு நிறுத்தி, இன்னும் அரை நிமிடம் பொறுத்துக் குச்சியை எடுக்க வேண்டும். குறைவது மட்டும் பிழை இல்லை. கூடினாலும் ஒயில் மூச்சுக் குழாய் வழியாகக் காற்றுப் பாதைக்குள் போய் நீலப் புகையும் மந்தமும் வரும்.

கரையில் குழாய்த் தண்ணீர் கொடுத்து ஓட்டிப் பார்க்கும்போது ஒரு ஒழுங்கு இருக்கிறது, இதை மனப்பாடம் செய்யுங்கள்: முதலில் எஞ்சினை ஸ்டார்ட் பண்ண வேண்டும், பிறகுதான் தண்ணீரைத் திறக்க வேண்டும். முடிக்கும்போது முதலில் தண்ணீரை மூட வேண்டும், பிறகுதான் எஞ்சினை நிறுத்த வேண்டும். மாற்றிச் செய்தால் எக்ஸோஸ்ற்றில் நிரம்பும் தண்ணீர் பின்வழியாகச் சிலிண்டருக்குள் ஏறும். இரண்டு நிமிடத்துக்கு மேல் கரையில் ஓட்டவும் வேண்டாம், கார்பன் சீல் காய்ந்து கருகும்.

காற்றுப் பாதையும் சூப்பர்சார்ஜரும்

முதலில் சூப்பர்சார்ஜரிலிருந்து, அமுக்கியதால் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்ரர்கூலருக்கும், அங்கிருந்து எஞ்சினுக்கும் போகும் குழாய்கள். இவற்றில் அமுக்கிய காற்று ஓடுகிறது, ஒரு கிளிப் தளர்ந்தாலே திணித்த காற்று வெளியே போய்விடும். ஓட்டைக்கு அடையாளம் எப்படித் தெரியும்? குழாய்க்குள் எப்போதும் மெல்லிய ஒயில் படலம் இருக்கும். காற்றுக் கசியும் இடத்தில் அந்த ஒயில் கறுப்புக் கோடாக வெளியே வந்து, அதில் தூசியும் உப்பும் ஒட்டிக்கொண்டிருக்கும். விரலால் தடவினால் பிசுபிசுக்கும். அந்த இடத்தில் கிளிப்பைக் கழற்றி, குழாயின் உட்பக்கத்தையும் மூட்டையும் துடைத்துக் காயவைத்து மீண்டும் போடுங்கள், ஒயிலோடு இறுக்கினால் பத்து நிமிடத்தில் திரும்பவும் வழுக்கி வரும்.

இன்ரர்கூலருக்குள் ஓடுவது கடல் தண்ணீர். மணல் அடைத்தால் காற்றின் சூடு இறங்காது, அதுதான் முதலில் சொன்ன “முதல் ஐந்து நிமிடம் புலி”. அரித்து உள்ளே ஓட்டை விழுந்தால் இன்னும் மோசம், உப்புத் தண்ணீர் எஞ்சினுக்குள் போகும். இன்ரர்கூலருக்குப் பிறகு வரும் குழாயைக் கழற்றிப் பாருங்கள், உள்ளே வெள்ளை உப்புப் படிந்திருந்தால் அதற்கு மேல் ஸ்டார்ட் பண்ண வேண்டாம்.

காற்றுப் பாதையில் இன்னொரு கள்ளன் உண்டு. எக்ஸோஸ்ற் இறப்பர் எங்கேயாவது கிழிந்தால் புகை போட்டுக்குள்ளேயே சுற்றும், எஞ்சின் தன் புகையையே திரும்ப உறிஞ்சும். சீற்றை மூடினால் மந்தம், திறந்தால் உசார் என்றால் இதுதான். உள்ளே கரிப் படிவு எங்கே இருக்கிறது என்று டோர்ச் அடித்துத் தேடுங்கள். ஆனால் எஞ்சின் ஓடும்போது முகத்தை உள்ளே நீட்டாதீர்கள், அந்தப் புகை வாடை தெரியாமலே ஆளைச் சாய்க்கும்.

சரி, இப்போது சூப்பர்சார்ஜர். சீ-டூவிலும் யமஹாவிலும் இருப்பது மையவிலக்கு வகை, விசிறி வேகம் கூடக் கூடத்தான் அமுக்கம் வரும். எஞ்சின் 8,000இல் ஓடும்போது சீ-டூவின் விசிறி நாற்பதாயிரத்துக்கு மேல் சுற்றுகிறது. ஆகவே இது தளர்ந்தால் கிளம்பும்போது ஒன்றும் தெரியாது, உச்சியில்தான் முள்ளு படுக்கும். கவாசாகியின் வகை வேறு, அது அடியிலிருந்தே அமுக்கும். அதனால் அதில் குறை வந்தால் கிளம்பும்போதே தெரியும்.

சீ-டூவின் இந்த எஞ்சினில் விசிறியைச் சுற்றும் பல்சக்கரத்துக்கு நடுவே ஒரு வழுக்குக் கிளச் இருக்கிறது. அலையில் போட் மேலே எழும்பி எஞ்சின் திடீரென்று ஏறி இறங்கும்போது பல் உடையாமல் இருப்பதற்காக அது கொஞ்சம் வழுக்கிக் கொடுக்கும். தேய்ந்தால் எப்போதும் வழுக்கும். இது எஞ்சின் ஒயிலிலேயே நனைந்து ஓடுகிறது, மோட்டார்சைக்கிள் கிளச் மாதிரி. அதனால்தான் காருக்கு விற்கும், உராய்வைக் குறைக்கும் மருந்து சேர்த்த ஒயிலை இதில் ஊற்றக்கூடாது. கிளச் வழுக்குவதற்கு நீங்களே எண்ணெய் பூசிக் கொடுத்தது போலாகும். ஒரு பருவம் முழுக்கச் சூப்பர்சார்ஜரைக் குறை சொல்லிவிட்டு, கடைசியில் சரியான ஒயில் மாற்றியதும் பழைய முள்ளுக்கு வந்த போட்டையும் பார்த்திருக்கிறேன். முதலில் ஒயில், பிறகுதான் கழற்றல்.

கழற்றுவதென்றால், உறிஞ்சு குழாயை மட்டும் எடுத்துவிட்டு முதலில் விசிறியைப் பாருங்கள். இதழ் நுனி கூட்டில் உரசிய பளபளப்பு இருந்தாலோ, நுனியைப் பிடித்து ஆட்டினால் மேலும் கீழும் ஆடினாலோ பெயாரிங் போய்விட்டது. சீ-டூவில் விரலால் லேசாகச் சுண்டி விசிறி சுதந்திரமாகச் சுற்றினால் கிளச்சோ ஷாஃப்டோ உடைந்திருக்கிறது. இதெல்லாம் இல்லையென்றால் முறுக்கு விசையை அளக்கும் டோர்க் ரென்ச் வைத்து எந்த அளவில் வழுக்குகிறது என்று பார்த்து, அந்த மாடலுக்குரிய அளவோடு ஒப்பிட வேண்டும். பழைய மாடல்களில் உள்ளே செரமிக் வாஷர் இருந்தது. அது உடைந்தால் துண்டுகள் ஒயிலோடு சேர்ந்து எஞ்சினுக்குள் போகும். அப்படி ஒன்று கையில் கிடைத்தால் சூப்பர்சார்ஜரை மட்டும் திருத்திப் போட்டு ஓட்டாதீர்கள். ஒயில் சல்லடையையும் அடித்தட்டையும் கழற்றி, உடைந்த துண்டுகளை ஒன்று சேர்த்து வாஷர் முழுதாக வந்துவிட்டதா என்று பாருங்கள். அந்த மாடல்களை 100 மணித்தியாலத்துக்கு ஒருமுறை பிரித்துப் புதுப்பிக்கச் சொன்னார்கள், உலோக வாஷரோடு பின்னால் வந்தவற்றுக்கு 200. பழைய போட் வாங்கும்போது மணித்தியால மீற்றரையும் இதைச் செய்த பில்லையும் கேளுங்கள், பில் இல்லையென்றால் செய்யவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் கிடைக்கவில்லையா

அப்போ கொம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அமுங்குகிறது என்று பார்க்க வேண்டியதுதான். எஞ்சின் சூடாக, மூன்று பிளக்கும் கழற்றி, திறொட்டில் முழுதாகத் திறந்து, மூன்று சிலிண்டரையும் ஒரே கேஜில் பாருங்கள். எண்ணைவிட மூன்றுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் முக்கியம். ஒன்று மட்டும் பத்து, பதினைந்து வீதத்துக்கு மேல் தாழ்ந்திருந்தால் அதற்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. இரண்டில் எதுவானாலும் இது கடற்கரையில் ஓலைக் கொட்டிலுக்குக் கீழே செய்கிற வேலை இல்லை. மணல் பறக்காத ஒரு கராஜுக்குக் கொண்டுபோய், தொழில் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் கைநூலில் போட்ட உச்ச வேகம் வராமல் இரண்டு, மூன்று கிலோமீற்றர் குறைந்து நின்றால் அதைத் துரத்த வேண்டாம். கச்சான் காற்று வீசும் வெயிலில், சூடான காற்றையும் சூடான தண்ணீரையும் வைத்துக்கொண்டு ஓடும் எஞ்சின் அது. குளிர்நாட்டு ஏரியில் எடுத்த கணக்கை நம் கடலில் கேட்பது நியாயமில்லை.

குறை தீர்ந்த பிறகு அதே ஆழத்தில், அதே ஆளோடு, தாங்கியில் அதே அளவு பெற்றோலோடு திரும்பவும் பத்து விநாடி ஓட்டுங்கள். ஆர்பிஎம், வேகம், அன்றைய திகதி, எஞ்சின் மணித்தியாலம் நாலையும் ஒரு கொப்பியில் எழுதி, சீற்றுக்குக் கீழே பொலித்தீன் பைக்குள் போட்டு வையுங்கள். நல்லா இருக்கும் நாளிலும் மாதம் ஒருமுறை எழுதுங்கள். அடுத்த முறை எனக்குப் போன் எடுக்கும்போது அந்தக் கொப்பி கையில் இருக்கட்டும்.